மாப்பிள்ளையின் பெட்டியில் என் நாயனம்

பொன்னாடையோடு ஒருவர் மேடை ஏறி வந்தால், கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். படிக்கட்டுக்காகப் போட்ட பலகை ஒருமுறை முனகும். மேடைக்காரன் காதுக்கு அந்த முனகல் பாட்டுக்கு நடுவிலும் கேட்கும்.

சுந்தரபாண்டியத்தில் அன்று பலகை முனகியபோது என் விரல் இன்னும் கம்பியை விட்டு எழவில்லை. அம்மன் கோயில் பொங்கல். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வயற்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் வைக்கோல் வாடையும் வறுகடலை வாடையும் கலந்திருந்தன.

மூன்றாவது பாட்டில் நாயனப் பிட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு வாத்தியம் தனியாக வந்துவிட்டுப் போகுமே, அதைத்தான் நாங்கள் பிட்டு என்போம். அன்று அந்த நாயனத்தை வாசித்தது நான். என் மடியில் இருந்தது எலெக்ட்ரிக் கிடார்.

ஏறி வந்தவர் விழாக் கமிட்டித் தலைவர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அணிவகுப்பில் நடப்பதுபோல முதுகை நிமிர்த்தி, இரண்டு கையிலும் ஆரஞ்சு நிறப் பொன்னாடையை ஏந்தி வந்தார். படிக்கட்டு என் பக்கம். ஏறியதும் முதலில் இருப்பது என் நாற்காலி.

பாதி ஆயுசு மேடைகளில் கழிந்திருக்கிறது. ஒருவரும் எனக்கு ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை. கிடாரை மடியிலிருந்து கொஞ்சம் விலக்கினேன். போர்த்த வசதியாகக் கழுத்தைக் குனிந்து கொடுத்தேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். பொன்னாடையின் ஜரிகை ஓரம் என் காதில் உரசியது.

குனிந்த கழுத்தோடு அந்த ஆள் அப்படியே இருக்கட்டும். அவன் அங்கே வந்து உட்கார்ந்த கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

செல்வம்

பொன்னாடை போய்ச் சேர்ந்தது செல்வத்தின் தோளில். செல்வம் எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர். என் தங்கை சரசுவின் புருஷன். எனக்கு மாப்பிள்ளை.

பம்பாயில் நான் வாசித்த ஓட்டல் மூடியதோடு இந்தத் தொடரின் போன அத்தியாயத்தை முடித்திருந்தேன். அங்கிருந்து நேராக வந்து இறங்கியது ஸ்ரீவில்லிபுத்தூரில் இவர்கள் வீட்டில்தான். ஒரு பை, ஒரு கிடார், ஒரு ஆம்ப்ளிஃபயர். கிடார் பெட்டியின் பூட்டு உடைந்திருந்ததால் வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தேன். நான்கைந்து நாளில் கிளம்பிவிடுவேன் என்று சொன்னேன். எந்த ஊரிலும் அப்படித்தான் சொல்வது என் வழக்கம்.

செல்வம் என்னை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியது கிடையாது. முன்னறையை எனக்கு ஒதுக்கினார். மின்விசிறியின் வேகம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுலபம். திட்டிக்கொண்டே படலாம். நல்லவனைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு பட வேண்டியிருக்கிறது.

அவருக்கு வீடு இருந்தது. ஸ்கூட்டர் இருந்தது. சாயங்காலமானால் பக்கத்துத் தெருவில் பால்கோவா கிண்டுகிற வாடை ஜன்னல் வழியே வரும். அந்த வாடைக்குள் உட்கார்ந்து அவர் சாதகம் செய்வார். என் தங்கை முதல் தோசையை அவர் தட்டில் போடுவாள். இரண்டாவதையும் அவர் தட்டில்தான் போடுவாள். மூன்றாவதுக்குத்தான் அண்ணன் ஞாபகம் வரும்.

மேடையிலும் அதே வரிசை. கீபோர்டு நட்ட நடுவில், பூ சுற்றிய ஸ்டாண்டின் மேல் இருக்கும். கிடார் ஓரத்தில், பாஸ் ஸ்பீக்கரின் அடியில் இருக்கும். டீ வந்தால் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு வரும்போது ஆறியிருக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ராஜபாளையத்தில் நூல் மில்லில் சேர்ந்தேன். அறுந்த இழையை ஓட்டத்திலேயே பிடித்து முடிச்சுப் போடுகிற வேலை. இடது ஆள்காட்டி விரல் நுனியை நூல் அறுத்து அறுத்து அந்த இடம் காய்த்துப்போனது. கிடார் பழக வந்தபோது மற்றவர்களுக்கு விரல் புண்ணானது. எனக்கு ஆகவில்லை. மில் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

செல்வம் கல்லூரி முடித்தவர். சுரக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர். விரல்கள் நீளமாக, பூண்டுப்பல் நிறத்தில் இருக்கும். அந்த விரல்களைப் பார்த்தபடி நான் எத்தனையோ கச்சேரிகளில் தாளத்தைத் தவற விட்டிருக்கிறேன்.

கான்சாபுரம் கல்யாண வீடு

குழுவை நடத்துபவர் சுப்புராஜா. வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்துக்காரர். துணி வியாபாரம் போக மீதி நேரத்துக்குப் பாட்டு. அவருடைய பேண்டேஜ் துணி அடுக்கிவைக்கிற கிட்டங்கியின் மாடியில்தான் எங்களுக்கு ஒத்திகை. பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும். செல்வம் தினமும் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் தன் கட்டைகளைத் துடைப்பார். என் கிடாரை யாரும் துடைப்பதில்லை, நான் உட்பட.

ஒரு கல்யாணத்துக்காகக் கான்சாபுரம் போகவேண்டியிருந்தது. குழுவின் வேன் மத்தியானமே கிளம்பிவிட்டது. எனக்கு அன்று பல்வலி. பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பஸ் வத்திராயிருப்பு தாண்டி நின்றுவிட்டது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் ஓரமாக நடந்தேன்.

தூரத்திலேயே பாட்டு கேட்டது. பாட்டுக்குள் கிடார் கேட்டது.

நான் நின்றுவிட்டேன். கிடார் என் முதுகில் இருக்கிறது. கிடார் ஸ்பீக்கரிலும் இருக்கிறது. நன்றாக, சுத்தமாக, நான் அடிக்கிற அதே இடத்தில் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் சில சமயம் இழுத்துவிடுகிற தாளத்தை அது இழுக்கவில்லை.

பந்தலுக்குள் நுழைந்தபோது என் நாற்காலி காலியாக இருந்தது. செல்வம் இடது கையால் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரு கார்டு பிடிக்கிறார், கீபோர்டு அதை வாங்கி, கிடார் மாதிரி தானே அடித்துக்கொள்கிறது. அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதாம். சுப்புராஜா என்னைப் பார்த்தார். பந்தியின் பக்கம் கையைக் காட்டினார்.

“மொதல்ல சாப்புட்டு வா பரமு. அவசரமில்ல.”

வாயில் பல் பிடுங்கிய புண். இலையில் வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அவசரமில்லை என்ற வார்த்தையைப் போல ஒரு வார்த்தையை அதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை. கொச்சியில் பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன். பம்பாயில் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரச் சட்டையோடு வாசித்திருக்கிறேன். அதெல்லாம் நடந்தது, அவ்வளவுதான். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ஒத்திகையில் சுப்புராஜா தனியாகக் கூப்பிட்டார். “ஏமிரா, மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? ஒன்னப் போகச் சொல்லல. வேன்ல எடம் பத்தல, கீபோர்டுலயே கிடார் வருது. சுந்தரபாண்டியம் வரைக்கும் வா. பொறவு பாப்போம்.”

சுந்தரபாண்டியத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கீபோர்டு கிடாராக முடியும் என்றால் கிடார் ஏன் கீபோர்டாகக் கூடாது என்று எனக்குள் ஓடியது. பொறாமைக்கும் மூளை உண்டு.

வர்கீஸின் பெட்டி

கொச்சியில் நான் வாசித்த ஓட்டலில் வர்கீஸ் என்று ஒருவன் இருந்தான். ஒரே கிடாரில் வயலின், டிரம்பெட், சர்ச் ஆர்கன் எல்லாம் வரவழைப்பான். கிடார் சிந்தசைசர் என்பார்கள். ஹெலிகாப்டர் சத்தம்கூட வரும். பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் கேட்டால் ஹெலிகாப்டரை இறக்குவான்.

அவன் வளைகுடாவுக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தான். பஸ் பிடித்துப் போனேன். என்னிடம் இருந்த நல்ல ஆம்ப்ளிஃபயரை அவன் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். தம்பிக்கு அந்த ஆம்ப் ரொம்பப் பிடித்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வந்துவிட்டேன்.

பெட்டியோடு சீப்பு போல ஒல்லியான ஒரு பட்டை வரும். அதைக் கிடாரின் அடிப்பக்கம், கம்பிகள் முடிகிற இடத்தில் ஒட்ட வேண்டும். ஆறு கம்பிக்கும் தனித்தனியாக ஆறு காது அதில் இருக்கிறது. எந்தக் கம்பி, என்ன சுரம், எவ்வளவு பலமாக மீட்டினாய், எவ்வளவு தூரம் வளைத்தாய் என்பதையெல்லாம் அது கேட்டுப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி தன்னிடம் இருக்கிற சத்தத்தில் ஒன்றை எடுத்து அந்தச் சுரத்தில் ஊதும். காலால் ஒரு ஸ்விட்சை மிதித்தால் கிடார். இன்னொரு மிதி, வயலின்.

வாங்கி வந்த பிறகுதான் என் லட்சணம் எனக்குத் தெரிந்தது. நான் அடித்து வாசிக்கிறவன். விரலை எடுக்கும்போது ஒரு உரசல், வைக்கும்போது ஒரு தட்டல். கிடாரில் அது காதில் விழாது. இந்தப் பெட்டி ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். நான் உரசினால் அது பீப் என்று ஒரு வயலின் துண்டைக் கக்கும். முன்னறையில் உட்கார்ந்து நான் பழகினால் வீட்டுக்குள் கோழிக்குஞ்சு புகுந்த மாதிரி இருக்கும்.

சரசு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். “என்னண்ணே, எதையாவது மிதிச்சிட்டியா?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையிலிருந்து துணி போட்ட ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதைக் கிடாரின் கழுத்தில், கம்பிகள் ஆரம்பிக்கும் இடத்தில் மாட்டினேன். வெறும் கம்பிகள் தேவையில்லாமல் அதிர்வது அடங்கியது. மீதியை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஐம்பது தாண்டிய வயதில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக எடுத்துவைக்கப் பழகினேன். அந்த ஊதா நிற ரப்பர் பேண்டு இன்றும் கிடாரில்தான் இருக்கிறது.

தடித்த கம்பிகளில் இன்னொரு தொல்லை. கீழ்ச்சுரம் மெதுவாக அதிரும். அது இன்ன சுரம் என்று பெட்டி கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். நான் மீட்டுவேன், சத்தம் கொட்டாவி விட்டுக்கொண்டு பின்னால் வரும். ஆகவே எனக்கு ஒல்லிக் கம்பிகளில் வாசிக்கிற, உச்சத்தில் பேசுகிற ஒரு வாத்தியம் வேண்டும். இந்தச் சீமையில் அப்படி ஒன்றைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் நாயனத்தைத்தான் சொல்வார்கள்.

நாயனம் எனக்குப் புதிதில்லை. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரிக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், என் அறைக்கு எதிரே ஒரு நாயனக்காரர் குடியிருந்தார். விடியற்காலையில் ஊதுவார். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் நடந்து போக மாட்டார், வழுக்கிக்கொண்டு போவார். போகிற வழியில் ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நான் அதை வாயால் பாடிப் பார்ப்பேன். அவர் கதவைத் திறந்து, கேலி செய்கிறாயா என்று சத்தம் போட்டார். அந்த இழுப்பு காதிலேயே தங்கிவிட்டது.

ஆனால் வர்கீஸின் பெட்டி வெளிநாட்டில் செய்தது. அதில் ஹெலிகாப்டர் இருந்தது. நாயனம் இல்லை.

நாயனம் இருந்தது செல்வத்தின் கீபோர்டில். மதுரையில் ஒரு கடைக்காரர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தது.

சளி பிடித்த நாயனம்

வர்கீஸ் போனில் வழி சொன்னான். பெட்டியின் முதுகில் மிடி என்று எழுதிய ஒரு துளை இருக்கும். செல்வத்தின் கீபோர்டிலும் அதே மாதிரி ஒன்று இருக்கும். இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தால், நான் கிடாரில் மீட்ட, அவர் கீபோர்டு ஊதும்.

அந்தக் கேபிளின் நுனியில் ஒரு மாற்று பிளக் போட்டு, முதலில் குழுவின் ஆம்பில் சொருகிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கெட்டுப்போன கேபிள் என்று வர்கீஸைத் திட்டினேன். அவன் சிரித்தான். அந்தக் கேபிளுக்குள் சத்தமே கிடையாதாம். கட்டளை மட்டும்தான் போகுமாம். இந்தச் சுரத்தை ஊது, இம்புட்டு பலமாக ஊது, இம்புட்டு வளை, நிறுத்து. சத்தம் போடுவது அந்தப் பக்கம் இருக்கிறவன் பாடு.

செல்வத்திடம் போய்க் கேட்க எனக்கு இரண்டு மூன்று நாள் ஆனது. கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. “அந்த ஓட்டை சும்மாதான கெடக்கு மச்சான், சொருகிக்கோங்க” என்றார். யோசித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கிட்டங்கி மாடியில் சொருகினோம். முதல் சுரத்தை மீட்டினேன். அவர் கைகட்டி நிற்க, அவர் பெட்டியிலிருந்து நாயனம் எழுந்தது. எனக்குப் புல்லரித்தது. அடுத்து அந்த இழுப்பை இழுத்தேன். கிடார் கழுத்தில் பதித்த பட்டைகளில் இரண்டு ஃப்ரெட் தூரம் விரலை வழுக்கிக்கொண்டு போனேன். நாயனம் வழுக்கவில்லை. நின்ற இடத்திலேயே லேசாக நெளிந்து, மூக்கடைத்தவன் பேசுவது போல முனகியது. மறுபடி இழுத்தேன். மறுபடி முனகியது.

டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். “நாயனத்துக்குச் சளி புடிச்சிருக்குண்ணே, ஆவி புடிக்கச் சொல்லுங்க.”

செல்வம் சிரிக்கவில்லை. அவர்தான் ஏதோ செய்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். வெளியே சாந்தமாக இருக்கிறவர்கள்தான் உள்ளே அடைத்துவைப்பார்கள். அன்று ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தவன், வழி முழுக்க அவர் முதுகைப் பார்த்து மனதுக்குள் பேசிக்கொண்டே வந்தேன்.

வர்கீஸிடம் புலம்பினேன். வளைவுக்கு இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும் என்றான். என் பெட்டி, கம்பியை வளைக்கிற முழு அளவுக்குப் பன்னிரண்டு படி என்று கணக்கு வைத்துக் கட்டளை அனுப்புகிறது. கீபோர்டு தன் வழக்கப்படி இரண்டு படி என்று வைத்திருக்கிறது. நான் ஒரு முழம் என்று சொன்னால் அது ஒரு விரற்கடை அளக்கிறது. அதையும் பன்னிரண்டாக மாற்று என்றான்.

மறுநாள் செல்வத்திடம் கீபோர்டில் ஒன்றை மாற்ற வேண்டும் என்றேன். அவர் டீ குடிக்க இறங்கிக்கொண்டிருந்தார். “வேற எதையும் தொட்றாதிய மச்சான், அத மட்டும் மாத்திட்டு விட்ருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன மாற்றுகிறேன் என்று கேட்கவில்லை. மெனுவுக்குள் தேடிப் பிடித்து, நாயனச் சத்தத்துக்கு மட்டும் இரண்டைப் பன்னிரண்டாக்கிச் சேமித்தேன்.

அவர் டீ குடித்துவிட்டு ஏறி வரும்போது நாயனம் வழுக்கிக்கொண்டிருந்தது. ஆலங்குளத்துக்காரர் எட்டிப் பார்க்கிற இடத்தில் எட்டிப் பார்த்தது. செல்வம் படிக்கட்டிலேயே நின்று கேட்டார். முகத்தில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

கையைத் தூக்கிக்கொண்டு

இப்போது சுந்தரபாண்டியத்துக்கு வருவோம். கழுத்தை நிமிர்த்தலாம்.

சனங்கள் செய்ததில் தவறு இல்லை. நாயனம் கேட்டது. மேடையில் நாயனக்காரர் இல்லை. எல்லாச் சத்தமும் கீபோர்டில்தான் வரும் என்பது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிட்டு முழுக்கச் செல்வம் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். ஸ்டாண்டைச் சுற்றியிருந்த பூ அதை மறைத்துவிட்டது. ஓரத்தில் ஒருவன் கிடாரை வைத்துக்கொண்டு கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்ததை யார் பார்க்கப்போகிறார்கள்.

செல்வம் பொன்னாடையோடு எழுந்து நின்று என் பக்கம் கை காட்டினார். பொன்னாடை போர்த்திய பெரியவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு, எனக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கினார். சனங்கள் ஒன்ஸ் மோர் கேட்டார்கள்.

சுப்புராஜா மேடையின் பின்னால் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். என் நாற்காலி இருக்குமா போகுமா என்பது அந்தச் சில நிமிடத்தில்தான் இருந்தது. சத்தம் கீபோர்டுடையது, பெயர் செல்வத்துடையது என்றால் என்னை எதற்கு வேனில் ஏற்ற வேண்டும்.

பாட்டு மறுபடி தொடங்கியது. பிட்டு வருகிற இடம் நெருங்கியபோது செல்வம் ஒரு காரியம் செய்தார். இரண்டு கைகளையும் பூவுக்கு மேலே, தலைக்கு மேலே, நன்றாகத் தெரிகிற மாதிரி தூக்கினார். தாடையால் என்னைக் காட்டினார். தான் வாசிக்கவில்லை, மச்சான்தான் வாசிக்கிறார் என்று ஊருக்குச் சொல்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. கொடுப்பதிலும் அவர் முந்திக்கொண்டுவிட்டார்.

ஸ்விட்சை மிதித்தேன். இழுத்தேன். காய்த்த விரல் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. அன்று வாசித்த மாதிரி அதற்கு முன் நான் வாசித்ததில்லை. கோபத்தில் வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பந்தல் அதிர்ந்தது. விசில் பறந்தது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரை உலுக்கிச் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

“ஏலே, கையத் தூக்கிக்கிட்டே வாசிக்கான் பாருலே.”

பெரியவர் மறுபடி மேடை ஏறினார். பலகை முனகியது. இந்த முறை நான் கழுத்தைக் குனியவில்லை. அவர் செல்வத்தின் அருகே போய், வேட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஸ்டாண்டின் அடியில் பார்த்தார். காலால் வாசிக்கிறாரா என்று பார்த்தாராம். காலும் சும்மா இருந்தது. நிமிர்ந்து செல்வத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் சுப்புராஜா சிரித்து ஓயவில்லை. நாற்காலி எனக்கு நிலைத்தது. ஆனால் இடம் மாறியது. “பரமு, நீ இனிமே ஸ்பீக்கருக்குப் பின்னால ஒக்காந்துக்கோ. ஒன்னையப் பாத்தா குட்டு ஒடஞ்சிரும்” என்றார்.

மச்சான்தான் வாசித்தார் என்று மைக்கில் சொல்லிவிடுவோம் என்று செல்வம் வாதாடினார். சுப்புராஜா கேட்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்காக வாதாடுகிற உரிமையும் அவருக்கே கிடைத்தது.

அதற்குப் பிறகு போகிற ஊரெல்லாம் செல்வம் கையைத் தூக்குகிறார். நான் ஸ்பீக்கரின் பின்னால் உட்கார்ந்து இழுக்கிறேன். சரசுவின் பீரோவில் பொன்னாடை அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் இருவருக்கும் நடுவே, மேடைப் பலகைக்கு அடியில், சத்தம் இல்லாத அந்தக் கேபிள் ஓடுகிறது. ஐந்து ஊசி உள்ள சின்ன பிளக். கால் இடறினால்கூடக் கழன்றுவிடும்.

கட்டைவிரல்

போன மாதம் ஒரு மத்தியானம், சரசு எனக்குச் சோறு போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

“அவிய மத்தியானத்துல தூங்கவே மாட்டேங்காகண்ணே. சாப்புட்ட கையோட ரூமுக்குள்ள போயி அந்தப் பெட்டி முன்னால ஒக்காந்துக்கிடுதாக.”

“என்ன செய்தாக?”

“நீ திடீர்னு கெளம்பிப் போயிட்டா என்ன செய்யன்னு ஒருக்கா கேட்டாக. பொறவு, அந்த இழுப்பு எனக்கு வர மாட்டேங்குதுட்டின்னு சொன்னாக. எம்புட்டுத்தான் செஞ்சாலும் வரலயாம். ஒங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாக.”

கையில் உருட்டிய சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது.

செல்வம் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தார். வெளியே ஒரு சத்தமும் இல்லை; கட்டைகள் அமுங்குகிற டொக் டொக் மட்டும் கேட்டது. வலது கை விரல்கள் போகிற வரிசையைப் பார்த்ததுமே தெரிந்தது, என் பிட்டு. இடது கைக் கட்டைவிரல் கீபோர்டின் ஓரத்தில் இருக்கிற சக்கரத்தில் இருந்தது. சுரத்தை வளைப்பதற்கு அதைத்தான் உருட்டுவார்கள்.

அந்த இழுப்பு வந்தது. அவர் கட்டைவிரல் ஒரு நூல் நகர்ந்தது. முகம் சுளித்தது. நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம், மறுபடி சுளிப்பு. கட்டைவிரலைப் பனியனில் துடைத்துக்கொண்டு, அதை ஒரு கணம் வெறுப்போடு பார்த்தார். என் விரல்களை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவருடைய விரல்களை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நாயனத்துக்கு நான் வைத்த பன்னிரண்டு அப்படியே இருக்கிறது. கிடார் கம்பிக்கு அது அளவு. சக்கரத்துக்கு அது வெறி. ஒரு நூல் நகர்த்தினால் சுரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். அவர் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. தன் கட்டைவிரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். ரசத்துக்கும் வாங்கினேன், மோருக்கும் வாங்கினேன். சரசு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

எந்த ஊரிலும் நான் இவ்வளவு நாள் தங்கியதில்லை. எங்கேயும் ஒரு கட்டத்துக்கு மேல் கால் அரிக்கும், பையை எடுத்துவிடுவேன். இங்கே இன்னும் எடுக்கவில்லை. மத்தியானம் ஆனால் முன்னறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, உள்ளே கேட்கிற அந்த டொக் டொக்கைக் கேட்கிறேன். ஓர் இடத்தில் வந்து நிற்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். நல்ல தூக்கம் வரும்.

இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வரும். செல்வம்தான் முதலில் பிரிப்பார். மச்சான் என்ன எழுதியிருக்கிறார் என்று நேராக இந்தப் பக்கத்துக்கு வருவார்.

மாப்பிள்ளை, நாயனச் சத்தத்தின் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். வளைவு என்ற இடத்தில் பன்னிரண்டு என்று இருக்கும். உங்கள் சாதகத்துக்கு அதை இரண்டாக்கிக்கொள்ளுங்கள்; கச்சேரிக்கு முன் மறக்காமல் பழையபடி வைத்துவிடுங்கள்.

இரண்டாக்கிய பிறகும் அந்த இழுப்பு உங்களுக்கு வராது.